விதைக்க முடியாமல் போன வயலில் மானுக்கும் கோழிக்கும் விதைப்பது

அமெரிக்காவில் விதைக்காமல் விட்ட நிலத்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அதே நிலத்தில் மானும் கோழியும் தின்னட்டும் என்று தினையும் சோளமும் விதைக்கிறார்கள் என்று சொன்னால், "உனக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டது" என்று சித்தப்பா போனைச் சித்தியிடம் கொடுத்துவிடுவார். ஆனால் இரண்டுமே நிஜம்.

நான் ஐயோவாவில் பயிர்க் காப்பீட்டுக்கு மென்பொருள் எழுதுகிற கூட்டத்தில் ஒருவன். இங்கே டி மொயின் பக்கம் காப்பீட்டு வேலையில் இருக்கும் நம் ஆட்கள் கொஞ்சநஞ்சமில்லை. எழுதுவது காப்பீட்டு விதி, பார்ப்பது திரை, வயலில் கால் வைக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. 2019 அதை மாற்றியது. அந்த வருஷம் மார்ச் நடுவில் நெப்ராஸ்காவிலும் ஐயோவாவிலும் அடித்த பனிப்புயலும் மழையும் சேர்ந்து ஆறுகளை ஊரை விட்டு ஊர் நடக்க வைத்தன, நயோப்ராரா ஆற்றில் ஸ்பென்சர் அணை உடைந்தது, குதிருக்குள் தண்ணீர் போய் தானியம் ஊதி இரும்புத் தகடே பிளந்துகொண்டது. அதற்குப் பிறகும் மழை நிற்கவில்லை, ஏப்ரல், மே, ஜூன் என்று போய்க்கொண்டே இருந்தது. டிராக்டர் இறங்க முடியாத சேறு. கடைசியில் நாடு முழுவதும் 1.94 கோடி ஏக்கரில் விதைக்க முடியவில்லை என்று கணக்கு வந்தது, அதில் மக்காச்சோளம் மட்டும் 1.1 கோடி ஏக்கருக்கு மேல். மாநில வாரியாகப் பார்த்தால் தெற்கு டகோட்டாதான் முதலிடம்.

பணம் எப்படி வருகிறது என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஒவ்வொரு பயிருக்கும் கவுண்டிவாரியாக, அதாவது நம் மாவட்டம் மாதிரி, கடைசி விதைப்புத் தேதி ஒன்று உண்டு. ஐயோவாவில் மக்காச்சோளத்துக்கு மே 31. அதைத் தாண்டினால் 20 நாள் தவணை, தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் காப்பீட்டில் 1 சதவீதம் குறையும். அந்த நிலையில் விவசாயி "போதும், இனி விதைக்கப் போவதில்லை" என்று முடிவெடுத்தால், உத்தரவாதத் தொகையில் மக்காச்சோளத்துக்கு 55 சதவீதம் கிடைக்கும். ஏக்கருக்கு 180 புஷல் (இங்கே தானியத்தை அளக்கிற அளவு) சராசரி விளைச்சல், 80 சதவீதக் காப்பீடு, 2019இல் நிர்ணயித்த விலை புஷலுக்கு 4 டாலர் என்றால் உத்தரவாதம் 576 டாலர், கையில் வருவது ஏறக்குறைய 317. லாபம் என்று சொல்ல முடியாது. நிலக் குத்தகையையும் வாங்கி வைத்த உரத்தையும் இதில் கழிக்க வேண்டும். அப்புறம், வயலின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றதற்கெல்லாம் பணம் இல்லை, குறைந்தது 20 ஏக்கர் அல்லது அந்தப் பிரிவில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்காவது பாதிப்பு இருக்க வேண்டும்.

நம் ஊரிலும் இது உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு காப்பீட்டு அலகில் 75 சதவீதத்துக்கு மேல் பரப்பில் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தரலாம். உங்கள் வயல் மட்டும் முழுகினால் போதாது, ஊரே முழுக வேண்டும். இங்கே ஒவ்வொரு விவசாயியின் நிலத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், வித்தியாசம் அதுதான்.

சரி, பணம் வந்தாயிற்று, ஜூன் கடைசி. நூற்றுக்கணக்கான ஏக்கர் வெறும் கறுப்பு மண்ணாகக் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. சாதாரண வருஷத்தில் காட்டு உயிர்களுக்கென்று விதைத்த பயிருக்குக் காப்பீடே கிடையாது, அடிப்படைப் பாலிசியில் அப்படித் தெளிவாக எழுதியிருக்கிறது. குத்தகைப் பத்திரத்திலேயே "இந்த 10 ஏக்கரை அறுக்காமல் பறவைகளுக்கு விட வேண்டும்" என்று இருந்தால் அந்த 10 ஏக்கரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் விதைக்க முடியாமல் போன நிலத்தில் மூடுபயிர் போடலாம், போடச் சொல்லி ஊக்கமும் தருகிறார்கள். மண் அரிப்பைத் தடுக்கவோ மண்ணை வளப்படுத்தவோ அந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று வேளாண் வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட பயிராக இருந்தால் போதும். மக்காச்சோளத்துக்குக் காப்பீடு வாங்கியவர் மிச்சமிருக்கும் மக்காச்சோள விதையையே மூடுபயிராகப் போடலாமா என்று 2019இல் எல்லோரும் கேட்டார்கள். போடலாம் என்றுதான் வேளாண் துறை சொன்னது. நிபந்தனை, அதைத் தானியமாகவோ விதையாகவோ அறுக்கக் கூடாது. கம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் உள்ளே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். மான் வாய் வைத்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆக, காட்டு உயிர்களுக்கு விதைக்க இந்த நாட்டு விவசாயிக்குக் கிடைக்கிற மிக மலிவான சந்தர்ப்பம் பயிர் வைக்க முடியாத வருஷம்தான்.

வேட்டைக்காரர்கள் இதை ஃபுட் பிளாட் என்கிறார்கள். மரக்கூட்டத்தின் ஓரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று டர்னிப், முள்ளங்கி, க்ளோவர் போட்டு, இலையுதிர்காலத்தில் மான் வந்து மேயும்போது மரத்தின் மேல் காத்திருப்பது. விதைப் பைகளில் கொம்பு கிளைத்த ஆண் மானின் படம் பெரிதாக இருக்கும். 2019 கோடையில் அந்தப் பைகளும் மூடுபயிர் விதைகளும் பல இடங்களில் கிடைக்காமல் போயின. எல்லோரிடமும் வெற்று நிலம் இருந்தது, எல்லோருக்கும் ஒரே வாரத்தில் விதை வேண்டியிருந்தது, போதாக்குறைக்கு ஆகஸ்ட் 1க்குள் மூடுபயிர் விதைத்தால் வர்த்தகப் போர் நிவாரணத்தில் ஏக்கருக்கு 15 டாலர் என்று அரசு வேறு சொல்லியிருந்தது.

அந்தச் செப்டம்பரில் தெற்கு டகோட்டாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரை ஓரமாக ஒரு பண்ணைக்குப் போனேன். சேத மதிப்பீட்டாளர்கள் வயலில் நின்று எங்கள் செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். பண்ணைக்காரர் எழுபதை நெருங்குகிறவர், பேச்சு மெதுவாக வரும், வந்தால் நிற்காது. அவருடைய நிலத்தில் இரண்டு விதமாக விதைத்திருந்தார், பக்கத்துப் பக்கத்தில்.

முதலாவது, மகனுக்காக. டர்னிப்பும் நீள முள்ளங்கியும். நம் ஊர் வெள்ளை முள்ளங்கி மாதிரியேதான், மண்ணுக்கு மேலே நாலு விரல் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஒன்றைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தேன், காரம் மூக்கில் ஏறியது, சாம்பாருக்குத் தாராளமாக ஆகும். இலைகள் முழங்கால் உயரம், பச்சைப் பசேலென்று ஒரே சீராக, களை என்று ஒன்றுகூட இல்லை. பார்க்க அழகு. இலைக்கு அடியில் குனிந்து பார்த்தால் வெறும் மண், ஈரம், ஒரு பூச்சியைக் காணோம். மான் இன்னும் வாய் வைக்கவில்லை, உறைபனி இரண்டு மூன்று விழுந்து இலையில் இனிப்பு ஏறிய பிறகுதான் வரும் என்றார்.

இரண்டாவது, வேலி தாண்டி, சதுப்புக் குட்டையைச் சுற்றி. ஓட்ஸ், தீவனச் சோளம், பனிவரகு, அங்கங்கே சூரியகாந்தி, கிடங்கில் மிச்சமிருந்ததையெல்லாம் கலந்து கொட்டியிருக்கிறார். சோளம் என் தலைக்கு மேல். வரிசை கிடையாது. சேற்றில் விதைப்புக் கருவி திக்கிய இடங்களில் ஒன்றும் முளைக்காமல் காட்டுத்தினைப் புல் மண்டிக் கிடந்தது, பனிவரகுக் கதிர் முற்றித் தலை கவிழ்ந்து தொட்டாலே உதிர்ந்தது, சட்டை முழுக்கச் சிலந்தி வலை, வெட்டுக்கிளிகள் காலடியில் தெறித்தன. மதிப்பீட்டாளர் முகத்தைச் சுளித்தார், அவருக்கு இதைப் படம் எடுத்து "மூடுபயிர்" என்று எழுத வேண்டும், எந்தக் கோணத்தில் எடுத்தாலும் குப்பைமேடு மாதிரி தெரிந்தது. அதற்குள் இருந்துதான் ஃபெசண்ட் கோழிகள் கிளம்பின. ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரே சமயத்தில் ஒரு கூட்டம், இறக்கைச் சத்தத்தில் நான் கையிலிருந்த டேப்லெட்டைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

ஃபெசண்ட் நம் காட்டுக்கோழிக்குப் பங்காளி முறை, ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தெற்கு டகோட்டாவில் 1908 வாக்கில் ரெட்ஃபீல்ட் ஊர்ப்பக்கம் விட்டவை பெருகின, 1919இல் ஸ்பிங்க் கவுண்டியில் முதல் வேட்டைப் பருவம், 1943இல் அதுவே மாநிலப் பறவை. வெளியூரிலிருந்து வந்த பறவைக்கு இவ்வளவு மரியாதை. அக்டோபர் வந்தால் சின்ன ஊர்களில் எல்லா விடுதியும் நிரம்பும், வேட்டைக்கு நாள் வாடகை வாங்குகிற பண்ணைகள் ஏராளம்.

இந்தக் கோழிக்கு என்ன வேண்டும் என்பதில்தான் எனக்கும் ஃபுட் பிளாட் என்கிற யோசனைக்கும் ஒத்துப்போகவில்லை. தீனி என்றவுடன் எல்லோருக்கும் குளிர்கால தானியம்தான் ஞாபகம் வருகிறது. சாதாரணமாக மக்காச்சோளம் விளைகிற ஊரில் தானியத்துக்குப் பஞ்சமே இல்லை, கம்பைன் சிந்துகிறதே எத்தனையோ. பஞ்சம் கோடையில், குஞ்சுக்கு. ஜூன் நடுவில்தான் முட்டைகள் அதிகமாகப் பொரிகின்றன, முதல் சில வாரங்களுக்குக் குஞ்சின் தீனி கிட்டத்தட்ட முழுக்கப் பூச்சிதான். அதற்கு மேலே இலை மூடிய, கீழே குஞ்சு ஓட இடைவெளி உள்ள, பூச்சி நிறைந்த ஒரு புதர் வேண்டும். இப்போது காப்பீட்டு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே கடைசி வரை விவசாயி காத்திருக்கிறார், நிலத்தில் களை முளைக்கிறது, கோழி அதில் கூடு வைக்கிறது. ஜூன் கடைசியில் விதைப்பதில்லை என்று முடிவு, உடனே நிலத்தைச் "சுத்தம்" செய்ய வட்டுக்கலப்பை. கூடும் போயிற்று, குஞ்சும் போயிற்று. அதே இடத்தில் ஆகஸ்டில் டர்னிப் போட்டு, பறவைகளுக்கு உதவி செய்தோம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. டர்னிப் மானுக்கு, மான் மகனுக்கு. அது தப்பில்லை, ஆனால் அதன் பெயர் வேறு.

பெரியவர் குட்டையைச் சுற்றிக் கலப்பை ஓட்டவில்லை. கருணையா என்றால், சேறு காயவில்லை என்பதுதான் காரணம் என்று அவரே சொன்னார். ஜூலையில் மேட்டுப்பக்கம் மட்டும் லேசாகக் கீறி விதையைத் தூவியிருக்கிறார், பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டார்.

இப்படி எல்லாவற்றையும் விட்டுவிடலாமே என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். களை விஷயத்தில் விவசாயியின் பயம் நியாயமானது. வாட்டர்ஹெம்ப் என்கிற செடி நம் முளைக்கீரையின் குடும்பம், ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும், பல களைக்கொல்லிகள் அதனிடம் இப்போது பலிப்பதில்லை. ஒரு கோடை அதைப் பூக்க விட்டால் அடுத்த பல வருஷங்களுக்கு அந்த வயலின் சொந்தக்காரர் அதுதான். அதைவிட மோசமான பால்மர் கீரை மினசோட்டாவுக்குள் வந்தது எப்படித் தெரியுமா? 2016இல், இயற்கையைக் காப்பதற்கென்றே விதைத்த புல்-பூ விதைக் கலவையில் கலந்து வந்தது. பறவைக்கென்று மலிவாக ஏதோ ஒரு கலவையை வாங்கிக் கொட்டுகிறவர்கள் பையில் ஒட்டியிருக்கும் சோதனைச் சீட்டைப் படித்துவிட்டுக் கொட்டுவது நல்லது. ஓட்ஸும் சோளமும் நெருக்கமாக முளைத்து நிழல் கட்டினால் இந்தக் கீரைகள் பாதி அடங்கும். அதனால்தான் வெறுமனே விடுவதை விட அடர்த்தியாக எதையாவது விதைப்பதை நான் ஆதரிக்கிறேன், கூடு வைத்த இடத்தைத் தவிர்த்து.

மண்ணுக்கு உள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருஷம் நிலம் வெறுமனே கிடந்தால் வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் பட்டினியில் குறைந்துவிடும், அடுத்த வருஷம் மக்காச்சோளம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்காமல் ஊதா நிறத்தில் குன்றி நிற்கும், மண்ணில் மணிச்சத்து இருந்தாலும். இந்தப் பக்கம் இது பழைய அனுபவம். டர்னிப்பும் முள்ளங்கியும் இந்தப் பூஞ்சைகளோடு உறவு வைத்துக்கொள்ளாத குடும்பம். அதாவது வயல் முழுக்க முள்ளங்கி போட்டாலும் பூஞ்சைக்கு அது வெற்று நிலம்தான். கூட ஓட்ஸோ சோளமோ வேண்டும். மான் படம் போட்ட பையில் இதை யாரும் எழுதுவதில்லை.

வாத்து வேட்டைக்காரர்களுக்கு வேறொரு கண்ணி. இந்தச் சதுப்புக் குட்டைகள் பனியாறுகள் விட்டுப்போன பள்ளங்கள், வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட நிலங்களில்தான் பிறக்கின்றன. அதன் கரையில் தினை விதைத்து, கதிர் முற்றியதும் ஒரு பட்டை அறுத்துச் சாய்த்துவிட்டால் வாத்து கூட்டமாக இறங்கும். ஆனால் அதன் மேல் சுட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி இரை போட்டுப் பிடித்த குற்றம், தானியத்தை முழுக்க அகற்றிய பிறகும் 10 நாள் அந்த இடத்தில் சுடக் கூடாது. நிற்கிற பயிரில் தண்ணீர் ஏறினால் குற்றமில்லை, சாய்த்தால் குற்றம். புறாவுக்கென்றால் அறுத்துச் சாய்க்கலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று பெரியவரைக் கேட்டேன், "சட்டம் எழுதியவர்களில் புறா சுடுகிறவர்கள் அதிகம் போல" என்றார். நம் சங்கப் பாட்டில் தினைப்புனத்தில் பரண் கட்டிப் பெண்கள் கிளி ஓட்டுவார்கள். இங்கே அதே தினையை விதைத்துவிட்டு, வருகிற பறவையை எந்த விதிப்படி சுடலாம் என்று கையேடு புரட்டுகிறார்கள்.

இனி பணம். 2019இல் விதைக்க முடியாமல் போன நிலத்துக்கான காப்பீட்டில் மட்டும் 400 கோடி டாலருக்கு மேல் போனது. பிரீமியத்திலும் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு மானியம், அதாவது வரிப்பணம், என் சம்பளத்தில் பிடிப்பதும் அதில் சேர்த்தி. அந்த நிலத்தில் கோழி பெருகி, விவசாயி அதை வைத்து வேட்டைக்கு நாள் வாடகை வாங்கினால் விதி தடுப்பதில்லை. எனக்கு அதில் பொறாமையும் இல்லை, 317 டாலரில் யாரும் மாளிகை கட்டுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புல்வெளியாக 10, 15 வருஷம் விட்டுவைக்க அரசு வாடகை கொடுக்கும் சிஆர்பி திட்டத்தில் 2007இல் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது, 2019இல் ஏறக்குறைய 2.2 கோடி. அந்த ஒரு மழைக் கோடையில் தானாகக் காலியான நிலம் அதற்குக் கிட்டத்தட்டச் சமம். அவ்வளவு பரப்பில், கலப்பையை ஜூலை பாதி வரை தள்ளிப்போட்டால் இவ்வளவு என்று சின்னத் தொகை ஒன்றை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 15 டாலரை மூடுபயிருக்குக் கொடுத்தவர்கள் தேதியை மட்டும்தான் பார்த்தார்கள், கூட்டைப் பார்க்கவில்லை. நிரந்தரமாக விட்டுவைக்கவும் இந்த வழி உதவாது. கடந்த நாலு வருஷத்தில் ஒரு வருஷமாவது விதைத்து, காப்பீடு செய்து, அறுத்திருந்தால்தான் அடுத்த தடவை பணம், ஆகவே சதுப்பு நிலத்தையும் நடுவில் ஒரு தடவை உழுதே தீர வேண்டும்.

அப்போது இருந்த இன்னொரு கட்டுப்பாடு, மூடுபயிரை நவம்பர் 1க்கு முன்னால் மாட்டுக்கு விட்டாலோ உலர்தீவனமாக அறுத்தாலோ பணத்தில் பெரும்பகுதி போய்விடும். 2019இல் தீவனப் பஞ்சம் என்று அந்தத் தேதியைச் செப்டம்பர் 1 என்று முன்னே கொண்டுவந்தார்கள், 2021 ஜூலையில் தேதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது எப்போது வேண்டுமானாலும் மேய்க்கலாம், தீவனமாக அறுக்கலாம், பணம் முழுசாக வரும். மாடு வளர்க்கிறவருக்கு இது சரியான முடிவு, நானே அந்த மாற்றத்தை மென்பொருளில் சந்தோஷமாகத்தான் எழுதினேன், நிபந்தனை ஒன்று குறைந்தால் எங்களுக்கும் நிம்மதி. கோழிக்கு நஷ்டம். பழைய விதி யாரும் நினைக்காமலே நவம்பர் வரை ஒரு புதரைக் காவல் காத்தது.

பெரியவர் சொன்னதைக் கேட்டால் இதற்கும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை போலிருக்கிறது. மாற்றம் வந்த பிறகு போனில் பேசியபோது, மேட்டுப்பக்கம் முழுவதையும் மாட்டுக்குத் திறந்துவிடுவேன், மகனுடைய டர்னிப்பையும் சேர்த்து என்றார். குட்டையைச் சுற்றி மட்டும் மின்கம்பி இழுத்து மாட்டைத் தடுப்பாராம். பறவைகளுக்காகவா என்று கேட்டேன். அந்தச் சேற்றில் போன தடவை ஒரு கன்று மாட்டிக்கொண்டு, வெளியே எடுக்க ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது, அதற்காக என்றார்.